மூன்று மணிவரை

ஹைஃபா மருத்துவமனையின் நான்காம் மாடியில்
ஐந்து அறைகளுக்குக் கடல் தெரியும்.
எங்களுக்கு வாய்த்தது ஆறாவது:
புதுக் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளம்,
மஞ்சள் கிரேன்,
காலை ஏழிலிருந்து கான்கிரீட்டைத் துளைக்கும் இயந்திரம்.

அப்பா எலக்ட்ரீஷியன்.
சபாத் கடிகாரம் பொருத்துவதில் பேர் வாங்கியவர்.
வெள்ளி மாலை பொழுது சாய்ந்தால்
விளக்கை ஏற்றாத, அணைக்காத வீடுகளுக்கு
வியாழனன்றே போய் முள்ளைத் திருகி வைப்பார்.
மறுநாள் இரவு பத்தரைக்குக் கூடம் தானாய் இருளும்.
"யார் அணைச்சது?" என்று கேட்டேன், ஆறு வயதில்.
"வியாழக்கிழமை" என்றார்.

தொண்டையில் குழாய் வேண்டாமென்று
போன வருடமே கையெழுத்திட்டிருந்தார்.
மூச்சு அவருடையதுதான்.
இழுத்துக்கொண்டு கிடக்கிறது, நான்கு நாளாய்.

ஸஃபேத்திலிருந்து தம்பி எல்கனா வந்தான்,
கறுப்புத் தொப்பியும் மூன்று ரபிகளின் எண்களுமாக.
நான் துறைமுகச் சுங்கத்தில் கணக்குப் பார்ப்பவள்,
வெள்ளியிரவிலும் கார் ஓட்டுபவள்.
அப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி,
அந்தப் பக்கம் ஒன்று.

"சாகக் கிடப்பவனை அசைக்கக்கூடாது, அஸ்னத்.
தலையணையைக்கூட உருவக்கூடாது.
உயிரைப் பிடித்து வைத்திருக்கும் இடையூறு
வெளியில் இருந்தால் மட்டும் விலக்கலாம்.
நாக்கில் யாரோ வைத்த உப்பு என்றால்
துடைத்துவிடலாம்."

நான் சலைன் பையை அண்ணாந்து பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
"அது நாக்கில் இல்லை" என்றான்.
"தண்ணீர் மருந்தும் இல்லை.
தாகத்துக்கு யாரும் சட்டம் கேட்பதில்லை."

டாக்டர் கதூரி வாசலில் நின்று கேட்டுவிட்டு
பையின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.
கால்கள் வீங்குகின்றன என்றாள், அவ்வளவுதான்.
அவள் எந்தப் பக்கம் என்று
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு இயந்திரம் மறுபடி தொடங்கியது.
மேசையில் கரண்டி நடுங்கியது.
துளைக்கும்போதெல்லாம் அப்பாவின் இமை துடித்தது;
நின்றால் அடங்கியது.
எல்கனா கவனித்தான்.
நான் கவனித்ததையும் கவனித்தான்.
வெகுநேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி:

"விறகு பிளக்கிறவன்."

"என்ன?"

"அந்தச் சட்டத்தில் உப்புக்கு முன்னால் அதுதான் வரும்.
பக்கத்தில் ஒருவன் விறகு பிளக்கிறான்,
அந்த ஓசையில் உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால்
அவனை நிறுத்தச் சொல்லலாம்."

"நீ போய்ச் சொல்."

அவன் எழவில்லை.
சங்கீதப் புத்தகத்தைத் திறந்தான், தலைகீழாக.

நான் இறங்கிப் போனேன்.
பள்ளத்தின் விளிம்பில் புழுதி பூசிய முகம்,
கிரிகோரே, மால்டோவாக்காரன்,
காதடைப்பானைக் கழற்றிக்கொண்டே வந்தான்.
எனக்கு அவன் மொழி வராது,
அவனுக்கு என் மொழியில் கூலி வாங்குமளவு.
ஆறாவது ஜன்னலைக் காட்டினேன்.
என் கன்னத்தின்கீழ் இரண்டு கையும் வைத்து
உறக்கம் என்று காட்டினேன்.
அவன் ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
சிலுவை போட்டுக்கொண்டான்.
உறக்கம் இல்லை என்று விளங்கிவிட்டது.

இயந்திரத்தின் கழுத்தை அணைத்துப் படுக்க வைத்தான்.
பிறகு ரொம்ப மரியாதையாக,
மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டுமே என்பதுபோல,
மணிக்கட்டைத் தட்டிக் கேட்டான்:
எத்தனை மணிவரை?

"மூன்று" என்றேன்.

ஏன் மூன்று?
சாப்பாடு, தேநீர், அதற்குமேல்
ஒருவன் கூலியை நான் எப்படிப் பிடித்து வைப்பது?
அவன் மூன்று விரல் காட்டினான்.
நானும் மூன்று விரல் காட்டினேன்.

லிஃப்டில் ஏறியபின்தான் உறைத்தது:
நடுவிரலும் ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும்
இன்னும் மடங்காமல்
முள்ளைத் திருகும் அப்பாவின் கைபோல
ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன.

கதவு திறந்தது.
மாடி முழுக்க அப்படியொரு அமைதி.
கடலே கேட்டது, எங்கள் ஜன்னலிலும்.
எல்கனா புத்தகத்தை நேராக்கியிருந்தான்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
நான் எதுவும் சொல்லவில்லை,
முக்கியமாக, மணியை.